துரையின் எல்லைக்கு வெளியே ஒரு நாற்காலி: ஊவாத் தோட்டங்களும் கடைவீதிச் சலூனும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பதுளை பஸ் நிலையத்தில் வந்து இறங்கும் தோட்டத்து ஆண்களுக்குக் கைநிறைய வேலை இருக்கும். சந்தைக்குப் போக வேண்டும், அடகுக் கடையில் வட்டி கட்ட வேண்டும், பிள்ளைக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்க வேண்டும். அப்படியே முடியையும் வெட்டிக்கொண்டு பின்னேர பஸ்சைப் பிடிக்க வேண்டும். ஸ்பிரிங்வெளியிலிருந்தோ தெளிவத்தையிலிருந்தோ பசறைப் பக்கத்திலிருந்தோ வருகிறவர் எந்தச் சலூனுக்குள் நுழைவார் என்பது பெரும்பாலும் முன்பே முடிவான விஷயம். அப்பா கையைப் பிடித்து அழைத்துப் போன கடைக்கே மகனும் போகிறார்.

அந்தப் பழைய சலூனுக்கு இன்று போட்டி அதிகம். கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் நடிகர்களின் படங்களும் வைத்த புதுக் கடைகள் சந்திக்குச் சந்தி முளைத்துவிட்டன. தோட்டத்திலேயே மின்சார மெஷின் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, லயத்து வாசலில் நண்பர்களுக்குப் புது மாதிரி வெட்டிவிடும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் மரப்பெஞ்சும் ரசம் போன கண்ணாடியும் பழைய நாற்காலியும் கொண்ட சலூனில் ஞாயிறென்றால் இடம் கிடைப்பதில்லை.

ஏன் என்று கேட்டால் பழக்கம் என்பார்கள், காசு குறைவு என்பார்கள், நாலு பேரோடு பேசலாம் என்பார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் ஊவாத் தோட்டங்களின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் இந்த ஈர்ப்புக்கு இன்னும் ஆழமான ஒரு காரணம் தெரிகிறது. பெருந்தோட்டத் தொழிலாளி தன் சொந்தக் காசைக் கொடுத்து, தானே தேர்ந்த கடையில், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சேவை பெற்ற முதல் இடங்களில் சலூனும் ஒன்று. அவருக்கு முடி வெட்டியவரும் சாதிக் கடமையிலிருந்து விலகித் தொழிலாளியாகவும் கடைக்காரராகவும் நிமிர்ந்தது அங்கேதான். இந்த இரண்டு நிமிர்வுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் பழைய சலூனின் அருமை முழுதாக விளங்கும்.

செக்ரோலில் ஏறிய சவரத் தொழில்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்காகவும், 1869 இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலைக்காகவும், தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்தும் காவிரிக்கரையிலிருந்தும் மக்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களைத் திரட்டி வந்தவர்கள் கங்காணிகள். கங்காணி திரட்டியது பெரும்பாலும் தன் உறவையும் ஊரையும்தான். ஆகவே ஆட்களோடு சேர்ந்து ஊரின் சாதி ஒழுங்கும் கப்பல் ஏறியது. கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் ஆள் தேவைப்பட்டதைப் போலவே, துணி வெளுக்கவும் முடி மழிக்கவும் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. டோபியும் பார்பரும் தோட்டத்தின் நிலையான பாத்திரங்கள் ஆனார்கள்.

இலங்கையின் மூன்று தேயிலைத் தோட்டங்களில் கள ஆய்வு செய்த ஆர். ஜெயராமன் 1975 இல் வெளியிட்ட நூலின் தலைப்பே தோட்டங்களில் சாதியின் தொடர்ச்சியைப் பற்றியது. நிலவுடைமையும் கிராமக் கோயிலும் இல்லாத இடத்தில் சாதி எப்படித் தொடர்ந்தது என்ற கேள்விக்கு, டோபி, பார்பர் குடும்பங்களின் நிலை ஒரு நல்ல விடை. தமிழகக் கிராமத்தில் முடிதிருத்தும் குடும்பத்துக்கு அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் நெல் அளந்தார்கள். தோட்டத்தில் நெல்லும் இல்லை, களமும் இல்லை. அந்த இடத்தில் தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேடான செக்ரோல் வந்து உட்கார்ந்துகொண்டது. தொழிலாளியின் சம்பளத்தில் டோபிக்கு இவ்வளவு, பார்பருக்கு இவ்வளவு என்று கழித்தார்கள். சங்கச் சந்தா, கோயில் பணம் ஆகியவற்றோடு இந்தக் கழிவுகளும் சம்பளச் சீட்டில் நெடுங்காலம் இடம்பிடித்திருந்தன.

இது சிறிய கணக்கு விவகாரம் போலத் தெரியலாம். ஆனால் இதன் பொருள் பெரிது. ஊரில் வழக்கமாக இருந்த சாதி ஊழியத்தைக் கம்பெனியின் கணக்குப் புத்தகம் தத்தெடுத்துக்கொண்டது. தொழிலாளிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. பார்பருக்கு வேலையை மறுக்கும் உரிமை இல்லை. இருவருக்கும் நடுவே காசு கைமாறவில்லை. கைமாறாத காசில் பேரமும் இல்லை, நன்றியும் இல்லை.

வேலை நடந்த இடமும் நினைத்துப் பார்க்கத் தக்கது. லயத்து வாசல், பீலிக்கரை, ஏதாவது ஒரு மரத்தடி. வெட்டிக்கொள்பவர் தரையில் குந்தியிருப்பார், வெட்டுகிறவரும் எதிரே குந்தியிருப்பார். கண்ணாடி என்றால் உள்ளங்கை அகலத்தில் ஒன்று. மழைக் காலத்தில் அதுவும் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் கட்டப்பட்ட காம்பராவுக்குள் குடும்பமே படுத்து எழும்பியது. அங்கே இந்த வேலைக்கு இடம் ஏது?

முடி வெட்டுவதோடு அந்தக் குடும்பத்தின் கடமை முடிந்துவிடவில்லை. குழந்தைக்கு முதல் மொட்டை, மாப்பிள்ளைக்குக் கல்யாணச் சவரம், சாவு வீட்டில் கொள்ளி வைக்கும் மகனுக்குச் சிரைத்தல், அவன் தோளில் சுமந்து சுற்றும் கொள்ளிக்குடத்தில் துளையிடுதல், கருமாதிச் சடங்கு வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. தமிழ்க் கிராமங்களில் அந்த வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாகப் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். ஆண்கள் கட்டி கீறினார்கள், பச்சிலை தெரிந்து வைத்திருந்தார்கள். பிறப்பிலும் கல்யாணத்திலும் சாவிலும் தவிர்க்க முடியாத ஆளாக இருந்தவருக்கு, அதே வீட்டுப் பந்தியில் சமமான இலை கிடைக்கவில்லை. தோட்டத்துப் பார்பரைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிற எவரும் இந்த இலையை மறந்துவிட்டு எழுதக் கூடாது.

எல்லைக் கல்லைத் தாண்டி

தோட்டம் என்பது வேலைத்தலம் மட்டுமாக இருந்ததில்லை. அது ஒரு தனியார் ஆட்சி. யார் உள்ளே வரலாம், யாரோடு பேசலாம் என்பது தோட்டத்தை நிர்வகித்த துரையின் விருப்பம். வெளியிலிருந்து வந்த தொழிற்சங்கக்காரர்கள் மீது அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போட முடிந்தது. தொழிலாளியைக் கடனோடு கட்டி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிய துண்டு முறை 1921 இல்தான் சட்டப்படி ஒழிந்தது. இப்படிப்பட்ட இடத்தில் வாழ்ந்தவருக்கு அருகிலிருந்த கடைவீதி வெறும் சாமான் வாங்கும் தெருவாக இருந்திருக்க முடியாது. துரையின் எல்லை முடிந்து அரசாங்க ரோட்டு தொடங்கும் இடம் அது.

ஊவாவில் அந்தக் கடைவீதிகளை வளர்த்ததில் புகையிரதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1890களில் அப்புத்தளையையும் பண்டாரவளையையும் எட்டிய பாதை, தெமோதரையில் தன்னைத் தானே சுற்றிக் கீழிறங்கிப் பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924 இல். தேயிலைப் பெட்டிகள் அந்த வழியே கொழும்புக்கு இறங்கின. அரிசியும் துணியும் பத்திரிகையும் அதே வழியே மேலே ஏறின. செட்டியாரின் அடகுக் கடை, முஸ்லிம் வியாபாரியின் புடவைக் கடை, சிங்களவரின் மரக்கறிக் கடை, தமிழர் நடத்திய சாப்பாட்டுக் கடை என்று கலந்து நின்ற வரிசையில் சலூனும் வந்து சேர்ந்தது. பெயர்ப் பலகையில் சிகை அலங்கார நிலையம் என்று எழுதியிருந்தாலும் மக்கள் வாயில் அது சலூன்தான்.

லயத்து வாசலிலிருந்து சலூனுக்கு வந்தபோது நான்கு விஷயங்கள் மாறின.

முதலாவது, காசு கைமாறியது. சம்பளத்தில் கழிபடுவதும், மடியிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுப்பதும் ஒன்றல்ல. கொடுத்தவர் வாடிக்கையாளர் ஆனார், வாங்கியவர் கடைக்காரர் ஆனார். பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போகலாம். கடைக்காரரும் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கதிர்காமத்துக்குப் போகலாம்.

இரண்டாவது, உடம்பின் நிலை மாறியது. குந்தியிருந்தவர் நாற்காலியில் சாய்ந்தார். வெட்டுகிறவர் எழுந்து நின்றார். காலை ஆறு மணிப் பிரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளைக்கு முன்னால் நின்று பழகிய மனிதர், சாய்ந்து உட்கார்ந்து இன்னொருவரின் கவனத்தை முழுதாகப் பெற்ற இடம் வேறு எத்தனை இருந்திருக்கும்?

மூன்றாவது, கண்ணாடி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வேலை முடிந்ததும் பிடரியைக் காட்டச் சிறிய கண்ணாடி ஒன்று. உள்ளங்கைக் கண்ணாடியில் துண்டு துண்டாகத் தன் முகத்தைப் பார்த்து வந்தவர் இங்கே முழு மனிதராகத் தன்னைக் கண்டார்.

நான்காவது, பக்கத்து நாற்காலி. அதில் யார் உட்காரலாம் என்று கங்காணியோ தோட்டத் தலைவரோ தீர்மானிக்கவில்லை. ஒரே வரிசையில், வந்த ஒழுங்கில், கந்தோர்க் கிளார்க்கரும் கவ்வாத்துக்காரரும் காத்திருந்தார்கள்.

இந்த மாற்றங்கள் தனியே நடந்தவை அல்ல. 1931 இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் 1940 இல் நடந்த வேலைநிறுத்தம் தொழிலாளரே தேர்ந்தெடுத்த குழுவோடு துரை பேச வேண்டிய நிலையை உண்டாக்கியது. தோட்டத்துக்குள் நிமிர்வதற்குப் போராட்டம் தேவைப்பட்ட காலத்தில், தோட்டத்துக்கு வெளியே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார ஓர் இடமாகச் சலூன் இருந்தது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கிய பிறகு, வாக்குச் சாவடியில் வரிசையில் நிற்க உரிமை இல்லாதவருக்குச் சலூன் பெஞ்சில் தன் முறை வரும்வரை காத்திருக்கும் உரிமை மட்டும் இருந்தது. சிறிய உரிமைதான். ஆனாலும் மதிக்கப்பட்ட உரிமை.

ஒரு சவரத்தின் கைவினை

அந்தக் கவனம் எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளப் பழைய சலூனில் ஒரு சவரத்தை அருகிலிருந்து பார்க்க வேண்டும். முதலில் வெள்ளைத் துணியை உதறிக் கழுத்தில் சுற்றுவார்கள். முடி உள்ளே விழாதபடி, ஆனால் மூச்சு முட்டாதபடி. பிறகு சுடுதண்ணீர். ஊவாவின் மார்கழிக் காலையில் அந்தத் தண்ணீருக்குத் தனி மதிப்பு. பிரஷ்ஷால் சோப்பு நுரையை வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து மயிரின் அடியை ஊறவைப்பார்கள். இந்த வேலையில் அவசரப்படுகிறவர் நல்ல தொழிலாளி அல்ல. ஊறாத முகத்தில் கத்தி இழுக்கும்.

கத்தி கன்னத்தில் இறங்கும்போது இடக்கைப் பெருவிரல் தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். அந்த விரல்தான் பாதி வேலையைச் செய்கிறது. மயிர் வளர்ந்த திசையில் முதல் தடவை, தேவைப்பட்டால் மெல்ல எதிர்த்திசையில் இரண்டாம் தடவை. தொண்டைக் குமிழுக்கு மேல் வரும்போது பேச்சு தானாக நிற்கும். இருவரும் மூச்சைக்கூட அளந்து விடுவார்கள். முடிந்ததும் ஈரச் சீனக்காரக் கட்டியை முகம் முழுக்கத் தடவுவார்கள். வெட்டுப்பட்ட இடம் இருந்தால் அது சுருக்கென்று சொல்லிக் கொடுக்கும், இரத்தத்தையும் நிறுத்தும். கடைசியில் பிடரியில் பவுடர். முன்பு தோல் வாரில் தீட்டிய கத்தியே எல்லோருக்கும். எயிட்ஸ், மஞ்சள் காமாலை பற்றிய விழிப்பு வந்த பிறகு ஆளுக்கொரு புது பிளேட் என்பது வழக்கமாயிற்று. நல்ல கடைக்காரர் உறையைப் பிரிப்பதை வாடிக்கையாளரின் கண் முன்னால்தான் செய்வார்.

இதற்கிடையே நடக்கும் பேச்சு பெரிய பேச்சாக இருக்காது.

"வாங்க மாமா, மக வீட்டுக்குப் போயிட்டு வந்துட்டீங்களா?"

"போனேன் தம்பி. பேரன் பொறந்திருக்கான். முப்பத்தொண்ணுக்கு மொட்டை அடிக்கணும்னு சொல்றாங்க, நீங்கதான் வரணும்."

"வராம இருப்பேனா? பஸ்சு மட்டும் சொல்லுங்க."

மாமா, தம்பி, அண்ணே என்ற இந்த உறவு முறைகளுக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. முன்பெல்லாம் வயதில் மூத்த முடிதிருத்துநரைக்கூட ஒருமையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இன்று நீங்கதான் வரணும் என்று அழைக்கிறார்கள். மொட்டைச் சடங்கு அப்படியே இருக்கிறது, அழைக்கும் முறை மாறிவிட்டது.

சின்னப் பிள்ளைகளுக்கு நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகை வைப்பார்கள். அந்தப் பலகையில் உட்கார்ந்து அழுத பிள்ளைக்குப் பலகை தேவைப்படாத நாள் வருவது வீட்டில் பேசப்படும் செய்தி. இந்தத் தொடர்ச்சியைப் புதுக் கடைகள் இன்னும் சம்பாதிக்கவில்லை. அவை சம்பாதிக்கவும் கூடும். அதற்குக் காலம் வேண்டும், ஒரே இடத்தில் நிலைத்திருக்கும் கைகள் வேண்டும்.

வாசிப்பு வந்த வழி

1930 இல் வீரகேசரியும் 1932 இல் தினகரனும் தொடங்கப்பட்டபோது தோட்டங்களில் எழுத்தறிந்தவர்கள் மிகக் குறைவு. பத்திரிகை ஒருவர் வாங்கிப் பலர் கேட்கும் பொருளாக இருந்தது. காத்திருக்கும் நேரமும் நாலு பேரும் பெஞ்சும் சேர்ந்த சலூன் அதற்கு வாய்ப்பான இடம். ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் இடையிட்டுக் கேள்வி கேட்பார்கள். சம்பளப் பேச்சுவார்த்தை, 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அதன்படி யார் இந்தியா போவது, யார் இங்கே இருப்பது என்று குடும்பங்களைப் பிளந்த கேள்விகள் எல்லாம் இத்தகைய பெஞ்சுகளில் அலசப்பட்டவை. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு தலைநகரங்கள் செய்த முடிவு, பதுளைக் கடைவீதியில் தெரிந்தவர்களின் பெயர்களாக மாறியது. இலங்கை வானொலியும் சலூனுக்கு வந்து சேர்ந்தது. பாட்டும் செய்தியும் கேட்பதற்காகவே முடி வளராதவர்களும் சலூனுக்கு வந்தார்கள்.

சலூனிலிருந்து ஓர் இலக்கிய இயக்கமே கிளம்ப முடியும் என்பதற்கு இலங்கையில் மறுக்க முடியாத சான்று இருக்கிறது. அது மலையகத்தில் அல்லாமல் யாழ்ப்பாணத்தில் நடந்தது. முடிதிருத்தும் குடும்பத்தில் 1927 இல் பிறந்த டொமினிக் ஜீவா, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, ஜோசப் சலூனில் தொழில் செய்தபடியே எழுத்தாளரானார். அவருடைய ‘தண்ணீரும் கண்ணீரும்’ சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 இல் அவர் தொடங்கிய ‘மல்லிகை’ இதழ் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்து, மலையகம் உட்பட நாட்டின் எல்லாப் பகுதி எழுத்தாளர்களுக்கும் இடம் கொடுத்தது. பேராசிரியர்களும் எழுத்தாளர்களும் அந்தச் சலூனுக்குத் தேடி வந்து பேசினார்கள். 2021 இல் அவர் மறைந்தபோது ஈழத்து இலக்கியம் தன் மூத்த இதழாசிரியர்களில் ஒருவரை இழந்தது.

தமிழகத்தின் தூத்துக்குடியிலும் பொன். மாரியப்பன் தன் சலூனில் நூலகம் வைத்து, காத்திருப்போரின் கையில் புத்தகத்தைக் கொடுத்தார். 2020 ஒக்டோபரில் இந்தியப் பிரதமர் தன் வானொலி உரையில் அவரோடு பேசியபோது அந்த முயற்சி நாடறிந்தது. ஹாலிஎலப் பக்கம் ஊவா கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, தான் வேலை செய்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் மண் ஊவா. அவருடைய புத்தகங்கள் பதுளையின் சலூன் பெஞ்சுகளில் இருப்பதற்கு ஒரு சிறிய அலுமாரியும் ஒருவரின் முயற்சியும் போதும்.

கழுத்தில் கத்தி, மனதில் நம்பிக்கை

2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நால்வரில் மூவர் சிங்களவர். மலையகத் தமிழர் 18 வீதத்துக்குச் சற்று மேல். முஸ்லிம்களும் கணிசமாக உண்டு. ஆகவே பதுளை நகரில் தமிழர் நடத்தும் சலூன் தமிழருக்கு மட்டும் நடக்க முடியாது. கடைக்காரர் இரண்டு மொழியும் தடையில்லாமல் பேசுவார். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் ஒரே கடையில்தான் கூட்டம் முட்டும்.

1983 ஜூலை 27 அன்று பதுளையில் திரண்ட கும்பல் தமிழரின் கடைகளுக்குத் தீ வைத்தது. நெருப்பு வீடுகளுக்கும் பரவியது. வன்முறை அன்றே பண்டாரவளைக்கும் ஹாலிஎலவுக்கும் வெலிமடைக்கும் சென்று, இரவுக்குள் லுணுகலையை எட்டியது. அந்த நாளைக் கண்ட நகரத்தில் பிறகு கடைகள் மெல்லத் திறந்தன. சலூன்களும் திறந்தன. ஒரு சிங்களவர் தன் கழுத்தைத் தமிழரின் கத்திக்கும், ஒரு தமிழர் தன் கடையை அதே ஊரின் கையிலும் மறுபடி ஒப்படைத்தார்கள். இனங்களுக்கிடையே நல்லிணக்கம் என்று மாநாடுகளில் பேசப்படுவதை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை, கண்ணை மூடிக்கொண்டு, தொண்டையைக் காட்டி உட்காரும் நம்பிக்கை எந்த அறிக்கையிலும் எழுதப்படாமல் நடந்து வந்திருக்கிறது. அதற்காக 1983 ஐ மறந்துவிட முடியாது. அந்த நெருப்பை நினைத்தால்தான் இந்த நம்பிக்கையின் விலை தெரியும்.

கதவு எல்லோருக்கும் திறந்திருந்ததா?

சலூனைப் பாராட்டும்போது அதன் நிழலையும் சொல்ல வேண்டும். கடையும் நாற்காலியும் வந்தால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. யாழ்ப்பாணத்தில் தாழ்த்தப்பட்டோருக்குக் கோயில்களும் தேநீர்க் கடைகளும் போலவே சலூன்களும் மூடியிருந்த காலம் உண்டு. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், 1966 ஒக்டோபரில் தொடங்கிய போராட்டங்கள் வரை அந்தக் கதவுகள் பல இடங்களில் அசையவில்லை. தமிழகத்தில் 1955 முதல் சட்டத் தடை இருந்தும், சில கிராமங்களில் தலித் மக்களுக்கு முடி வெட்ட மறுக்கும் செய்திகள் இந்த நூற்றாண்டிலும் வந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலான தோட்டத் தொழிலாளர் தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்களாக இருந்ததால் மலையகத்தில் நிலைமை வேறு. ஆனால் சாதி அற்றுப்போகவில்லை. முடிதிருத்தும் குடும்பத்துப் பிள்ளையைப் பள்ளியில் தொழிலைச் சொல்லிக் கேலி செய்வது நின்றுவிட்டது என்று எவரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. கல்யாணப் பேச்சு வரும்போது சாதி எழுந்து முன்னால் நிற்கிறது.

இதனால்தான் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஆசிரியர்களாகவும் கடை ஊழியர்களாகவும் வெளிநாட்டுத் தொழிலாளர்களாகவும் விலகிப் போகிறார்கள். அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. நாம் விரும்பும் பழைய சலூன் நிலைப்பதற்காக ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக அதே தொழிலில் இருக்க வேண்டும் என்று கேட்பது, செக்ரோல் காலத்தைத் திரும்பக் கேட்பதற்குச் சமம்.

இன்னொரு நிழலும் உண்டு. மலையகத்தின் பொருளாதாரத்தைத் தலையில் சுமக்கும் கொழுந்துப் பெண்ணுக்கு இப்படி ஓர் இடம் இருந்ததில்லை. ஞாயிறு அன்று அவளுக்கு விறகும் துணியும் சமையலும் காத்திருந்தன. ஆணுக்குக் கிடைத்த அரை மணி நேர ஓய்வும் கவனமும் பேச்சும் அவளுக்குக் கிடைக்கவில்லை. சலூனின் பெருமையைப் பேசும்போது அது பாதி ஊருக்கு மட்டும் கிடைத்த பெருமை என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இனி என்ன?

அண்மைய ஆண்டுகள் சலூனைக் கடுமையாகச் சோதித்தன. 2020 இல் கொரோனா ஊரடங்கு நாற்காலிகளை வெறுமையாக்கியது. அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சாப்பிடும் தொழிலுக்கு மாதக் கணக்கில் கதவடைப்பு என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2022 இல் பொருளாதார நெருக்கடி. ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. மின்சார மெஷினை மட்டும் நம்பியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார்கள். கத்தரிக்கோலும் சீப்பும் பிடிக்கத் தெரிந்த கைக்கு அந்தக் கவலை இல்லை. பழைய கைத்திறன் வெறும் அலங்காரம் அல்ல என்பதை இருட்டு நிரூபித்தது.

இந்தத் தொழிலின் எதிர்காலத்துக்கு மூன்று விஷயங்கள் முக்கியம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, தொழிலைச் சாதியிலிருந்து முழுதாகப் பிரிப்பது. சிகையலங்காரத்துக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கற்கலாம். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இதைக் கற்கத் தொடங்கியிருப்பது நல்ல அடையாளம். சான்றிதழோடு கைவினையும் கைமாற வேண்டும் என்றால், மூத்த தொழிலாளர்களைப் பயிற்றுநர்களாக அழைக்க வேண்டும். ஊறாத முகத்தில் கத்தி இழுக்கும் என்பதைப் புத்தகத்தைவிட அவர்களின் கைகளே நன்றாகச் சொல்லிக் கொடுக்கும்.

இரண்டாவது, உடல்நலம். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிசில் கறுப்பினத்தவர் நடத்திய 52 சலூன்களில், உயர் இரத்த அழுத்தம் உள்ள 319 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ரொனால்ட் விக்டர் தலைமையிலான குழு 2018 இல் அதன் முடிவை வெளியிட்டது. ஒரு பகுதிக் கடைகளில் முடிதிருத்துநரின் ஊக்கத்தோடு மருந்தாளரே கடைக்கு வந்து மருந்து கொடுத்தார். ஆறு மாதத்தில் அந்த ஆண்களின் இரத்த அழுத்தம் சராசரியாக 27 புள்ளிகள் குறைந்தது. அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்குக் குறைந்தது ஒன்பது புள்ளியளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கும் ஆண் சலூனுக்குப் போகத் தயங்குவதில்லை என்ற எளிய உண்மைதான் அதற்கு அடிப்படை.

ஊவாவுக்கு இது அப்படியே பொருந்தும். இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலையும் புகையிலையும் போடும் பழக்கம் தோட்டங்களில் பரவலாக உண்டு. ஒரு தோட்டத் தொழிலாளியின் உதட்டையும் கழுத்தையும் காதோரத்தையும் மாதந்தோறும் நல்ல வெளிச்சத்தில், ஒரு சாண் தூரத்திலிருந்து பார்க்கிறவர் வைத்தியர் அல்ல, முடிதிருத்துநர். ஆறாத புண்ணையும் புதிதாகத் தோன்றிய கட்டியையும் எப்படி அடையாளம் காண்பது, யாரிடம் அனுப்புவது என்று அவர்களுக்குச் சுகாதாரத் துறை ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் போதும். ஒரு காலத்தில் கட்டி கீறிய, பச்சிலை அறிந்த மரபினருக்கு இது புதிய பொறுப்பும் அல்ல. முன்பு அந்த அறிவுக்கு மதிப்புக் கொடுக்காமல் வேலை வாங்கினோம். இப்போது மதிப்போடும் ஊதியத்தோடும் கேட்கலாம்.

மூன்றாவது, பதிவு. 2023 இல் மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். அந்த வரலாற்றில் கொழுந்துக் கூடையும் தப்பும் காமன் கூத்தும் பேசப்படுகின்றன. சம்பளச் சீட்டில் கழிவாக மட்டும் பதிவான டோபியும் பார்பரும் பேசப்படுவதில்லை. மூத்த முடிதிருத்துநர்களின் வாய்மொழி வரலாற்றைப் பல்கலைக்கழக மாணவர்கள் இப்போதே சேகரிக்க வேண்டும். தோட்டத்திலிருந்து கடைவீதிக்கு யார் முதலில் வந்தார், வாடகை எப்படிக் கட்டினார், 1983 இல் என்ன இழந்தார், மறுபடி எப்படித் தொடங்கினார் என்பவை எந்தக் கச்சேரி ஆவணத்திலும் இருக்காது.

பழைய சலூன் மனதைக் கவர்வதற்குக் காரணம் அது பழையது என்பதல்ல. கட்டாயத்தால் நடந்த ஒரு சேவை விருப்பத்தால் நடக்கும் உறவாக மாறியதற்கு அது சாட்சி. ஆகவே அதைக் காப்பாற்றுவது என்றால் நாற்காலியையும் கண்ணாடியையும் காப்பாற்றுவது மட்டும் ஆகாது. அங்கே நிற்கும் மனிதருக்கு உரிய கூலி, உரிய மரியாதை, விரும்பினால் தொடரவும் விரும்பாவிட்டால் விலகவும் உரிமை, இவை நிலைக்க வேண்டும். அந்த உரிமையோடு ஒருவர் கத்தரிக்கோலைக் கையில் எடுக்கும் வரை ஊவாவின் கடைவீதிகளில் சலூனுக்கு ஆள் குறையாது.